அத்தானின் ஏழாம் நம்பர்க் குடை

எங்கள் அத்தானோடு தெருவில் போவதென்றால் மழையும் இல்லாத, வெயிலும் இல்லாத நாளாகப் பார்த்துப் போக வேண்டும். யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு நாள் கிடையாது. ஆகவே அக்கா அவரோடு கோயிலுக்குப் போகும்போது இருபது முழம் முன்னால் நடப்பாள், பின்னால் வருகிற மனிதர் யாரோ எவரோ என்பதுபோல.

காரணம் குடை. அத்தானுடைய குடை அல்ல, மற்றவர்களுடையது. எதிரே ஒருவர் குடை பிடித்துக்கொண்டு வந்தால் அத்தானின் கண் அவருடைய முகத்துக்குப் போகாது, நேரே குடையின் உள்பக்கம் போகும். எந்தக் கம்பி வளைந்திருக்கிறது, எந்தக் கட்டு அறுந்திருக்கிறது, மேலும் கீழும் ஓடுகிற வளையம் எந்த இடத்தில் சிக்குகிறது என்று நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரிப் பார்ப்பார். பார்த்ததை வாய்க்குள் வைத்திருக்கவும் அவருக்குத் தெரியாது.

"கொஞ்சம் நில்லுங்கோ," என்பார், முன்பின் தெரியாத மனிதரைப் பார்த்து. "உங்கடை குடையிலை ஐஞ்சாம் கம்பியின்ரை ஆணி தேய்ஞ்சுபோச்சு. இன்னும் ரெண்டு மழைக்குத்தான் தாங்கும்."

சிலர் சிரித்துவிட்டுப் போவார்கள். சிலர் அவரை மேலும் கீழும் பார்ப்பார்கள். ஒருமுறை இப்படி நிறுத்தப்பட்டவர், பெற்ற தாயின் செத்தவீட்டுக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தவர். அவர் நடுத்தெருவில் நின்று அழத் தொடங்கிவிட்டார். அத்தானும் கண்கலங்கிவிட்டுக் குடைக்காரருடனேயே செத்தவீடு வரைக்கும் நடந்து போய், சுடலைக்கும் போய், பொழுதுபடத்தான் வீட்டுக்கு வந்தார். வழியில் அந்த ஆணியை ஒரு நூலால் சுற்றிக் கட்டியும் கொடுத்தாராம்.

அவர் என் அக்காவின் கணவர். எங்கள் தாய் தகப்பன் நேரத்தோடு போய்விட்டபடியால் நான் மானிப்பாயில் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அத்தானுக்குப் பட்டினத்தில் ஒரு கந்தோரில் காணிப் படம் கீறுகிற உத்தியோகம். கை சுத்தமான கை. அவர் கீறிய கோட்டை இன்னொருவர் திருத்தியதாகச் சரித்திரம் இல்லை. இருந்தும் அவர் கடைசிவரை இரண்டாவது மேசையிலேயே இருந்தார். ஏனென்றால் ஒருநாள் கந்தோருக்குப் புதிதாக வந்த வெள்ளைக்காரத் துரை குதிரை வண்டியிலிருந்து இறங்கிக் குடையை விரித்தபோது, வரவேற்க வரிசையாக நின்றவர்களில் எல்லாரும் "குட் மோர்னிங்" சொல்ல, அத்தான் மட்டும் துரையின் குடையில் விசை பிழைத்திருக்கிறது, அது திடீரென்று மூடிக்கொள்ளும் என்று நல்ல இங்கிலீசில் சொன்னார். துரை சிரித்தார். அடுத்த கிழமை அந்தக் குடை துரையின் தலையில் மூடிக்கொண்டது. அதன் பிறகு துரை சிரிக்கவில்லை. தலைமை வரைஞர் வேலை வேறொருவருக்குப் போயிற்று.

"நான் உள்ளதைத்தானே சொன்னனான்," என்றார் அத்தான்.

"உள்ளதைச் சொல்லச் சொல்லி உங்களை ஆர் கேட்டது?" என்றாள் அக்கா.

இந்தச் சம்பாஷணை எங்கள் வீட்டில் கிழமைக்கு இரண்டு தரம் நடக்கும்.

இனிக் குடை செய்த கதைக்கு வருகிறேன். அத்தான் தினமும் பஸ்ஸில்தான் பட்டினத்துக்குப் போய்வருவார். அந்தக் காலத்துப் பஸ்ஸில் மனிதரும் மரக்கறிக் கடகமும் ஒன்றாகத்தான் ஏறும். ஒருநாள் இறங்குகிற அவசரத்தில் அவருடைய நீட்டுக் குடையின் வளைந்த பிடி, பக்கத்தில் இருந்த ஒரு பெரிய மனிதரின் சால்வையில் கொளுவிக்கொண்டது. அத்தான் இறங்கிவிட்டார். சால்வையும் இறங்கிவிட்டது. பஸ் போய்விட்டது. அந்தப் பெரிய மனிதர் சால்வை இல்லாத மேலோடு பட்டினம்வரை போக வேண்டி வந்தது. அடுத்த நாள் அத்தான் சால்வையைச் சவுக்காரம் போட்டுத் தோய்த்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் அதை வாங்கினாரே தவிர முகம் கொடுக்கவில்லை.

அன்றுமுதல் அத்தானுக்கு நீட்டுக் குடை என்றால் ஆகாது.

"மழைக்கு வேண்டியது மேலை இருக்கிற துணி," என்று எனக்கு விளங்கப்படுத்துவார். "அதுக்காக மூண்டடித் தடியை நாள் முழுக்க ஏன் காவவேணும்? மழை பெய்யிறது வருசத்திலை ரெண்டு மாதம். தடியைக் காவிறது பன்ரண்டு மாதம். இது பிழையான சாமான், பிள்ளை."

வெயிலுக்கும் பிடிக்கலாமே என்று நான் கேட்டேன். வெயிலுக்கும் துணிதான் வேண்டும், தடி வேண்டாம் என்றார்.

கந்தோரில் தூரம் பார்க்கிற பழைய குழல் ஒன்று கிடந்தது. இழுத்தால் நீளும், தள்ளினால் ஒன்றுக்குள் ஒன்று போய்ச் சாணளவாகிவிடும். அதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பழைய பம்புகளை வாங்கி, அவற்றின் குழல்களை அரத்தால் ராவி, குழலுக்குள் குழல் போகும்படி செய்தார். இரண்டே மாதத்தில் கம்பின் அலுவல் முடிந்தது. உயிரை வாங்கியது கம்பிகள்தான்.

குடைக்கு எட்டுக் கம்பி. கம்பு குறுகினால் கம்பியும் குறுக வேண்டும். ஆகவே ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டி, ஆணி அடித்து, முழங்கை மடங்குவதுபோல மடங்க வைத்தார். மடங்கியது. ஆனால் வளையத்தை மேலே தள்ளினால் உள்பாதி மட்டும் எழும்பும், வெளிப்பாதி உயிரில்லாமல் தொங்கும். எட்டுக் கம்பிக்கும் ஓர் ஆள் நின்று கையால் நிமிர்த்திவிட வேண்டும். அப்படி ஒரு குடையை விரித்து முடிப்பதற்குள் மழை விட்டுவிடும். இதற்கு வழி காண அத்தானுக்கு மூன்று வருஷம் சென்றது. கடைசியில், உள்பாதியோடு ஒட்டியபடி ஒரு மெல்லிய கம்பியை ஓடவிட்டார். உள்பாதி எழும்பும்போது அந்த மெல்லிய கம்பி வெளிப்பாதியின் அடியைப் பிடித்து இழுத்து, அதையும் தானாக நிமிர்த்திவிடும். எட்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று மயிரிழை பிசகினாலும் குடை கோணிக்கொண்டு நிற்கும்.

துணி என் பங்கு. நான் உடுவிலில் போர்டிங்கில் இருந்து படித்தபோது தையலில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள். எட்டுத் துண்டு வெட்டித் தைப்பது எனக்கு ஒரு வேலையே அல்ல. ஆனால் மடக்கும்போது மூட்டு ஆணிகள் துணியைக் கடித்துவிடும். ஒவ்வொரு மூட்டுக்கும் நேரே, உள்பக்கமாக, ஒரு சின்ன ஒட்டுத் துணி வைத்துத் தைத்தால் கடிக்காது என்று நான்தான் கண்டுபிடித்தேன். அதற்காக அத்தான் என்னை இரண்டு நாள் "மச்சாள்" என்று மரியாதையாகக் கூப்பிட்டார். பிறகு பழையபடி "பிள்ளை" ஆகிவிட்டேன்.

முதலாம் நம்பர் விரிந்தது, ஆனால் மூடவில்லை. அக்கா அதை முற்றத்தில் கவிழ்த்து வைத்து மிளகாய் காயப்போட்டாள். இரண்டாம் நம்பர் தானாக மூடிக்கொண்டு அக்காவின் கொண்டையைப் பிடித்துவிட்டது. கத்தரிக்கோல் கொண்டுதான் அவளை விடுவித்தோம். கொண்டையில் கைவைப்பதா, குடையில் கைவைப்பதா என்று அத்தான் கொஞ்சம் தாமதித்ததை அக்கா சாகும்வரை மறக்கவில்லை. மூன்றாம் நம்பரைக் கச்சான் காற்று மேற்பக்கமாகத் திருப்பிவிட்டது. நாலாம் நம்பரின் உள்குழல் துவக்குக் குண்டு மாதிரிப் புறப்பட்டு அடுத்த வளவு முருங்கையில் போய்ச் செருகிக்கொண்டது. ஐந்தையும் ஆறையும்பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை.

ஏழாம் நம்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிந்தது. மடக்கினால் பதினொரு அங்குலம். கோட்டுப் பைக்குள் போட்டால் வெளியே தெரியாது. விரித்தால் அக்காவும் நானும் அதற்குள் நிற்கலாம். அத்தான் அதை நூறு தரம் விரித்து நூறு தரம் மடக்கினார். நான் பக்கத்தில் இருந்து எண்ணினேன். நூறாவது தரமும் முதலாம் தரம் மாதிரியே "டக்" என்று போய் நின்றது. அன்றைக்கு அவருடைய முகத்தைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் என் கல்யாணப் பேச்சு தொடங்கும்வரைதான்.

எனக்கு அப்போது இருபத்தைந்து நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் அது வீட்டிலுள்ளவர்களின் நித்திரையைக் கெடுக்கிற வயது. தகப்பன் இல்லாதபடியால் சம்பந்தம் பேசப் போகிற பொறுப்பு அத்தானுடையது. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முறை இருந்தது. பேச வருகிறவர் வாசலில் நின்று குடையை மடக்குவார். வீட்டுக்காரர் எழுந்து வந்து இரண்டு கையாலும் அந்தக் குடையை வாங்கிக்கொண்டுபோய், உள்ளே சுவரிலுள்ள மான்கொம்பில் தானே கொளுவுவார். குடை உள்ளே போனால் மனிதரும் உள்ளே போகலாம். கோப்பி வரும், பேச்சு வளரும். குடையை வாங்காவிட்டால், விறாந்தையில் நின்றபடி மழை தண்ணியைப்பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிவிட வேண்டியதுதான். யாரும் யாருக்கும் இல்லையென்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் பேசிய சம்பந்தம் கோண்டாவில் பக்கம். அத்தான் ஏழாம் நம்பரை மடக்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, கையை வீசிக்கொண்டு போனார். வீட்டுக்காரர் முறைப்படி எழுந்து வந்து இரண்டு கையையும் நீட்டினார். அத்தான் அந்த இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். பிறகு இருவரும் விறாந்தையில் நின்று மழை தண்ணியைப்பற்றிப் பேசினார்களாம்.

"அந்த மனிசன் குடைக்குக் கையை நீட்ட, இவர் கையைக் குடுத்திட்டு வந்திருக்கிறார்," என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "குடை இல்லாமல் சம்பந்தம் பேசப் போனவர் எண்டு இனி ஊர் முழுக்கக் கதைக்கும்."

"குடை பைக்குள்ளை இருந்தது."

"அது அவையின்ரை கண்ணிலை படேல்லையே."

"கண்ணிலை படக்கூடாதெண்டுதானே இவ்வளவு வருசம் பாடுபட்டனான்," என்றார் அத்தான்.

அக்கா அவரோடு நாலு நாள் கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் அத்தான் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். நீட்டுக் குடையைக் கையால் தொடுவதில்லை என்ற வைராக்கியமும் கெடக்கூடாது, அக்காவின் வாயும் அடங்க வேண்டும். ஆகவே மெல்லிய மரத்தில் மூன்றடி நீளத்துக்கு ஒரு உறை செய்தார். அதைச் சுற்றிக் கறுப்புத் துணி மடிப்பு மடிப்பாக ஒட்டி, நுனியில் பித்தளைக் குப்பியும் தலையில் வளைந்த பிடியும் வைத்தார். பார்த்தால் அசல் நீட்டுக் குடை. பிடியைத் திருகி இழுத்தால் அதற்குள் மேற்பக்கமாக ஏழாம் நம்பர் இருக்கும். கீழே இரண்டடியும் வெறும் கோறை, உள்ளே ஒன்றும் இல்லை. காவத் தடி வேண்டாம் என்பதற்காகக் குறுக்கிய குடையைக் காவுவதற்கு ஒரு தடி. நான் சிரித்துச் சிரித்து வயிறு நோக அந்தத் துணியை மடித்துக் கொடுத்தேன். அதில் வரப்போகிற வினை எனக்குத்தான் என்று யோசிக்கவில்லை.

இரண்டாவது சம்பந்தம் நல்லூரில். மாப்பிள்ளையின் தகப்பன் மலாயாவில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்த பென்சனியர். வெள்ளிப் பூண் போட்ட நீட்டுக் குடை ஒன்று எப்போதும் அவருடைய இடக்கையில் தொங்கும். அவருடைய முகம் தெரியாதவர்களுக்கும் அந்தக் குடையைத் தெரியும். இளைய மகன் ஒரு பள்ளிக்கூடத்தில் உபாத்தியார். தேர்த் திருவிழாவில் அவரை எனக்குக் காட்டினார்கள், என்னையும் அவருக்குக் காட்டினார்கள். எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறதா என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை, ஆகையால் இப்போது சொல்லி வைக்கிறேன்.

அத்தான் தரகரோடு போனார். பென்சனியர் எழுந்து வந்து, உறைக்குடையை இரண்டு கையாலும் வாங்கி, தன்னுடைய வெள்ளிப் பூண் குடைக்குப் பக்கத்தில் மான்கொம்பில் கொளுவினார். கோப்பி வந்தது. பயத்தம் பணியாரம் வந்தது. சாதகம் பொருந்தியிருக்கிறது, பெண்ணும் குறைசொல்ல முடியாத பெண் என்று பேச்சு நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை, அவருடைய தமையன், இரண்டு உறவினர் என்று எல்லாரும் வழியனுப்ப விறாந்தைக்கு வந்தார்கள். அந்த நேரம் பார்த்து மாரி மழை கொட்டத் தொடங்கியது.

அத்தான் தானே போய் மான்கொம்பிலிருந்து குடையை எடுத்து வந்தார். வாசற்படியில் நின்று, எங்கே நிற்கிறோம் என்பதை மறந்து, பிடியைத் திருகி இழுத்தார். கோறை உறை படியில் விழுந்து உருண்டது. கையிலிருந்த பதினொரு அங்குலம் நீண்டு, எழும்பி, எட்டுக் கம்பியும் ஒன்றாக நிமிர்ந்து, "டக்" என்று விரிந்து நின்றது. அவ்வளவு அழகாக அது ஒருநாளும் விரிந்ததில்லை என்று தரகர் பிறகு எங்களிடம் சொன்னார். அப்போது தரகரால் சிரிப்பை அடக்க முடியவில்லையாம்.

பென்சனியர் சிரிக்கவில்லை. உறையைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

"உதென்ன காணும்? வெளியிலை ஒரு குடை, உள்ளுக்கை ஒரு குடையோ?"

"இது காவிறதுக்கு லேசு..." என்று அத்தான் விளங்கப்படுத்தத் தொடங்கினார்.

"குடையிலையே இப்பிடி எண்டால், பொம்பிளையின்ரை சாதகத்திலை என்ன செய்து வைச்சிருக்கிறியளோ ஆருக்குத் தெரியும்? இருபது வருசம் அந்நிய நாட்டிலை சீவிச்சனான். பொய்ச் சாமான் ஒண்டு கையிலை பிடிச்சதில்லை. நீர் போம்."

அத்தான் வீட்டுக்கு வந்தபோது மழை விடவில்லை. வாசலில் நின்ற அக்கா அவரைப் பார்த்ததும் திடுக்கிட்டாள்.

"என்ன, காய்ஞ்சுபோய் வாறியள்?" என்றாள். அந்த மழையில், உறையைத் திறக்காமல் நனைந்து வரவேண்டியவர்மேல் ஒரு துளி இல்லை. அதைக் கண்டதுமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நான் அன்றைக்கு அழுதேன். பின்வளவில் போய் ஒளித்து அழவில்லை, அத்தான் உட்கார்ந்திருந்த கதிரைக்கு முன்னால் நின்று அழுதேன். "உங்கடை குடைக்காக என்ரை சீவியத்தை நாசமாக்கிப் போட்டியள். என்னை வாழவிடமாட்டியளோ?" என்று கேட்டேன்.

பத்து நாள் கழித்துத் தரகர் ஒரு செய்தியோடு வந்தார். மாப்பிள்ளை இந்தப் பெண்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாராம். பென்சனியர் கொஞ்சம் இறங்கியிருக்கிறாராம். ஆனால் அத்தான் ஒழுங்கான குடையோடு வந்து, குடைசெய்தது ஒரு விளையாட்டுப் புத்தி, இனி அந்த வேலை செய்வதில்லை என்று நாலுபேருக்கு முன்னால் சொல்ல வேண்டுமாம்.

அத்தான் ஊர்த் தலைமைக்காரரான விதானையார் வீட்டுக்குப் போய் அவருடைய குடையை இரவல் வாங்கினார். மானிப்பாயில் அதைவிடப் பெரிய குடை இல்லை. அடுத்த நாள் ஒரு முகில்கூட இல்லாத காலையில், அதைக் கையில் பிடித்துக்கொண்டு நல்லூருக்குப் போனார். பென்சனியர் குடையை வாங்கி மான்கொம்பில் கொளுவினார். அத்தான் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்புவிப்பதுபோல, சொல்லச் சொன்னதைச் சொன்னாராம். அந்தத் தையில் எனக்குக் கல்யாணம் நடந்தது.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். எட்டாம் நம்பருக்கென்று ராவி வைத்த குழல்களை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். ஏழாம் நம்பரை அக்கா அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள். வாய்மட்டும் அடங்கவில்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு மேலே பிடித்த பட்டுக்குடையில் இரண்டாம் தையல் விடப்போகிறது என்று, தாலிகட்டுக்கு முதல், குடை பிடித்தவரின் காதில் போய்ச் சொல்லியிருக்கிறார்.

நல்லூர் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இவர் நல்லவர். மாமியார் அதிகம் பேசாதவர். மாமாதான் என் அத்தானுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார். "பொய்க்குடையர் வாறாரோ?" என்பார். "பொய்க்குடையர் சுகமோ?" என்பார். நான் அரிசி கொழிக்கிற சுளகுக்குள் முகத்தைக் குனிந்துகொள்வேன். மழைக்காலத்தில் மாமா கோயிலுக்குப் போனால் மழை விட்ட பிறகுதான் திரும்புவார். யார் வீட்டு விறாந்தையிலாவது ஒதுங்கி நிற்பார். நல்ல குடையை எதற்கு நனைக்க வேண்டும் என்பார். நானும் அதை நம்பினேன்.

மூன்று வருஷம் போயிற்று. கொழும்பில் உத்தியோகமாயிருந்த இவருடைய தமையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தகப்பனுக்கு ஒரு சாமான் கொண்டு வந்தார். ஜேர்மன்காரன் செய்த குடை. மடக்கினால் ஒரு சாண், இழுத்தால் முழுக்குடை. மாமா அதை விரித்தும் மடக்கியும் ஊரைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்றைக்கு அத்தானும் அக்காவும் எங்களைப் பார்க்க வந்திருந்தார்கள்.

"பாத்தீரோ காணும், வெள்ளைக்காரன்ரை மூளையை," என்று மாமா அதை அத்தானிடம் நீட்டினார். "எங்கடை ஆக்களும் செய்யப் பாத்தவைதான்."

அத்தான் வாங்கி, கம்பியின் மூட்டை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றோடு ஒன்று இழுக்கிற மெல்லிய கம்பி அதிலும் இருந்தது. மூட்டுக்கு நேரே சின்ன ஒட்டுத் துணியும் இருந்தது. நான் கண்டேன்.

"நல்ல வேலை," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். "ஓம், செய்யப் பாத்தவைதான்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிறகு இங்கிலீசுக்காரனுக்கும் ஜேர்மன்காரனுக்கும் சண்டை தொடங்கியதும் அதே ஜேர்மன் குடையை மாமா றங்குப்பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தது வேறு கதை. அன்றைக்கு எனக்கு அந்த மனிதரின் வெள்ளிப் பூணைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது. அடுத்த கிழமை மாமாவுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. வெளியே போகாமல் சாய்மனைக் கதிரையில் படுத்தார். ஒரு மத்தியானம் அவர் நித்திரையாயிருக்கும்போது, பொய்ச் சாமான் ஒன்றும் கையால் தொடாத மனிதரின் மெய்யான குடை எப்படி இருக்கும் பார்ப்போம் என்று மான்கொம்பிலிருந்து இறக்கினேன்.

சுற்றிக் கட்டுகிற பட்டி பொத்தானோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. கறுப்பு நூலில், ஒரு தையல்காரியின் கண்ணுக்குத் தவிர வேறொருவருக்கும் தெரியாத தையல். கத்தரிக்கோலால் வெட்டினேன். துணி சருகாகக் கொட்டியது. கம்பிகளில் மூன்று இல்லை, மிச்சம் துருப்பிடித்துக் கம்போடு ஒட்டியிருந்தன. உப்பலாகத் தெரிவதற்காக உள்ளே ஒரு பழைய சேலைத் துண்டு சுற்றப்பட்டிருந்தது.

மாமியார் பின்னால் வந்து நின்றார். கோபிக்கவில்லை.

"மலாயாவிலையே கரப்பான் அரிச்சுப்போட்டுது, பிள்ளை. கப்பலாலை இறங்கேக்கை கையிலை குடை இருக்கவேணும் எண்டு நிண்டார். நான் என்ரை சீலையைக் கிழிச்சுச் சுத்தித் தைச்சுக் குடுத்தன். பிறகு புதுசு வாங்குவம் எண்டார். வெள்ளிப் பூணை ஊர் கண்டிட்டுது, இனி வேறை குடையைக் காட்டேலாதாம்." வெட்டி விழுந்த நூலை நிலத்திலிருந்து பொறுக்கினார். "நூல் ஊசி தரட்டோ?"

"பிறகு தைக்கிறன் மாமி," என்றேன். தைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. பட்டியைச் சும்மா செருகி மான்கொம்பில் வைத்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை தமையன் வருவார், உறவினர் வருவார்கள். எல்லாருக்கும் முன்னால், "மாமா, உங்கடை குடையை ஒருக்கால் விரிச்சுக் காட்டுங்கோ," என்று கேட்பதாகத் தீர்மானித்தேன். கேட்கப்போகிற குரலைக்கூட யோசித்து வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை பஸ் பிடித்து மானிப்பாய்க்குப் போனேன். அத்தானிடம் முதலில் சொல்ல வேண்டுமே. அவர் பின்பக்கத்தில் இருந்து அக்காவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சேலைத் துண்டுவரைக்கும் ஒன்றும் விடாமல் சொல்லி முடித்தேன். அவர் துருவுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்," என்றார்.

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கு மழையுக்கை. என்ரையை எடுக்கப் போய் முதலிலை அவற்ரை குடையிலை கைபட்டிட்டுது. தூக்கின உடனை பாரம் பிழை. பாத்தன், பட்டி தைச்சிருக்கு."

துரையிடம் சொன்ன மனிதர், செத்தவீட்டுக்குப் போனவரிடம் சொன்ன மனிதர், தாலி கட்டுகிற நேரத்தில் சொன்ன மனிதர்.

"பிறகேன் வாயை மூடிக்கொண்டு நிண்டனீங்கள்? அவர் உங்களைப் பொய்யர் எண்டு சொல்லேக்கை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தால் ஆரும் விரியுங்கோ பாப்பம் எண்டிருப்பினம். அவற்ரை ரெண்டு பெடியளும் பக்கத்திலை நிண்டவை. அதுக்குப் பிறகு அந்த வீட்டிலை நீ எப்பிடி வாழுறது?"

"எனக்காக உங்கடை வேலையையே விட்டிட்டு, இத்தினை வருசமா அந்தாள் சொல்லுறதை எல்லாம் கேட்டுக்கொண்டு..."

இந்த மனிதரை நான் கதிரைக்கு முன்னால் நின்று திட்டியது ஞாபகம் வந்தது. அவரைப்போல என்னில் அன்பு வைத்தவர் வேறொருவரும் இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அத்தான் சிரட்டையைத் தட்டித் தேங்காய்ப்பூவைக் கிண்ணத்தில் கொட்டினார்.

"எனக்கென்ன பிள்ளை," என்றார். "என்ரை குடை விரிஞ்சுது தானே."

பின்னேர பஸ்ஸில் நல்லூருக்குத் திரும்பினேன். மாமா சாய்மனைக் கதிரையில் நித்திரை. மாமியாரிடம் ஊசி நூலை வாங்கிக்கொண்டு போய், சேலைத் துண்டைத் திரும்பவும் சுற்றி, பட்டியைப் பொத்தானோடு சேர்த்து இரட்டை நூலில் தைத்தேன்.